இங்கே ஐப்பசியில் இலை உதிர்வதில்லை

புரட்டாசி முடியப் போகிறது. கோயில்காட்டுப் பக்கம் காலை நடை போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, காடு வேறு மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் வரை காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. இப்போது கேட்பதில்லை. பெய்தது என்னவோ ஐந்தாறு சாயங்கால மழைதான். அதுவும் இடியும் மின்னலுமாக அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஓடிப்போகிற மழை. அதற்கே சருகெல்லாம் நமத்துப் போய், மிதித்தால் பழைய இலவம்பஞ்சு மெத்தை மாதிரி அமுங்குகிறது. உசிலையும் வெப்பாலையும் தழை நிறைந்து நிற்கின்றன. அழகர்மலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்த்தால் கரும்பச்சையாகத் தெரிகிறது.

இந்த நேரம் பார்த்து, நம் நடைப்பயிற்சி நண்பர்களில் சிலர் ஒரு யோசனையோடு வந்திருக்கிறார்கள். பெருமழை தொடங்குவதற்கு முன்னால் கோயில்காட்டைச் 'சுத்தம்' செய்ய வேண்டுமாம். ஆள் வைத்துச் சருகையெல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுவது, புதர்களை வெட்டிவிடுவது, பாதைக்குச் சிமெண்ட் கல் பதிப்பது, ஓரமாகக் குரோட்டன்ஸ் வைப்பது. நன்கொடை கூட ஓரளவு சேர்ந்துவிட்டது. சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், என்னோடு தினமும் டீ குடிக்கிறவர்கள். எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் காரியம் தப்பு, அதிலும் இந்த மாதத்தில் செய்வது பெருந்தப்பு என்பது என் கட்சி. அதை விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம்.

என் பேத்தி போன வாரம் வரைபட நோட்டில் ஒரு மரம் வரைந்து கொண்டிருந்தாள். இலையெல்லாம் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள். கீழே 'இலையுதிர் காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை' என்று எழுதியிருந்தாள். "இது என்ன மரம்டா?" என்றேன். "மேப்பிள், தாத்தா" என்றாள். அந்த மரத்தை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, அவளுடைய டீச்சரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வாசலுக்குக் கூட்டிப் போய் எதிர்வீட்டு வேப்பமரத்தைக் காட்டினேன். பச்சைப்பசேல் என்று நின்றது. "இது ஏன் தாத்தா உதிரலை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாமெல்லாம் அந்த வயதில் அதைக் கூடக் கேட்கவில்லை, மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பிக்குக் கீழே கிளை வெட்டி வெட்டியே எனக்கு மரங்களின் பழக்கம் பிடிபட்டது. லைனில் நடந்து பார்க்கிறவனுக்கு ஒரு கணக்கு உண்டு. மாசியில் போனால் கம்பி முழுசாகத் தெரியும், ஐப்பசியில் போனால் கம்பி எங்கே, கிளை எங்கே என்று தேட வேண்டும். வேம்பு உதிர்வது மாசியில். அரசு, இலுப்பை எல்லாம் அதை ஒட்டித்தான். உசிலை, கிளுவை, வெப்பாலை இவை தை கடந்தால் மெலிய ஆரம்பித்து மாசி பங்குனியில் குச்சியும் கோலுமாக நிற்கும். பங்குனியில் வேம்பில் செம்பு நிறத்தில் கொழுந்து வரும், பின்னாலேயே பூ. சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு நாம் பூ பொறுக்குவது அதனால்தான் முடிகிறது. ஆக நம் ஊரின் இலையுதிர் காலம் மாசி பங்குனி. மேல்நாட்டுக் கணக்குக்கு ஐந்து மாதம் தள்ளி.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. குளிர்நாட்டில் மரம் பயப்படுவது பனிக்கும் இருட்டுக்கும். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் வித்தியாசம் எட்டரை மணி நேரத்துக்கு மேல். பகல் சுருங்கச் சுருங்க மரம் எச்சரிக்கையாகிறது. இலையில் உள்ள பச்சையத்தைப் பிரித்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சில மரங்களில் சிவப்புச் சாயம் புதிதாக உண்டாகிறது. பிறகு காம்பு கழன்று இலை விழுகிறது. மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம் அளவுக்குத்தான். நம் மரம் பயப்படுவது இருட்டுக்கு அல்ல, தாகத்துக்கு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பரோடு ஓய்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதத்தில் வந்துவிடும். அது வற்றிய பிறகுதான் மரம் இலையைக் கழற்றிப் போடுகிறது. சிவப்பு இலை பார்க்க ஆசையாக இருந்தால் தையில் தெருக்கோடி வாதாமரத்தைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பில் உதிர்ந்து கிடக்கும். அதற்கு மேப்பிள் ஒன்றும் மேல் இல்லை.

நம் முன்னோர் இதைக் குழப்பிக்கொள்ளவே இல்லை. ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழை, குளிர், பனி, வெயில், இவைதான் பெயரில் இருக்கின்றன. இலை உதிர்வதை வைத்து ஒரு பருவத்துக்கும் பெயர் இல்லை. அவர்கள் காட்டைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள், நாம் புத்தகத்தைப் பார்த்துக் காட்டுக்குப் பெயர் வைக்கிறோம்.

சரி, இலை உதிரவில்லை என்றால் இந்த மாதத்தில் காட்டில் என்னதான் மாறுகிறது? நிறைய.

முதலில் சத்தம். சித்திரையில் தொடங்கி ஆடி வரை விடியற்காலையில் நம்மை எழுப்பிய குயில் இப்போது அநேகமாக வாயை மூடிவிட்டது. அதன் இடத்தைக் கண்மாய்த் தவளை பிடித்துக்கொண்டது. மயில் அகவுவதும் குறைந்துவிட்டது. ஆவணி கழிந்தால் ஆண்மயில் தோகையைக் கழித்துவிடும். பூசாரி வீட்டுப் பையன்கள் கட்டுக் கட்டாகப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தக் காட்டில் புரட்டாசியில் உதிர்வது இலை அல்ல, மயிலிறகு.

தரையில் தம்பலப்பூச்சி வந்தாயிற்று. பட்டுத்துணியில் வெட்டிப் போட்ட மாதிரி சிவப்பாக ஊருமே, அதுதான். இந்திரகோபம் என்றும் சொல்வார்கள். தீப்பெட்டியில் அடைத்து வைத்து விளையாடாதவர்கள் நம் வயதில் யாராவது உண்டா? மரவட்டை, ரயில்பூச்சி, நத்தை எல்லாம் சருகுக்கு அடியிலிருந்து எழுந்து வருகின்றன. முந்தாநாள் மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பியது. விளக்கு வைத்துப் பிடித்து, அரிசியோடு வறுத்து அப்பத்தா உள்ளங்கையில் அள்ளிக் கொடுத்த ருசி நாக்கில் இன்னும் இருக்கிறது. இப்போது கொடுத்தால் பேத்தி ஓடிப்போவாள்.

வானத்தில் தட்டான். தாழப் பறந்தால் மழை என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் மஞ்சள் உடம்போடு ஓயாமல் மிதந்துகொண்டே இருக்கிற ஒரு வகை, இந்தப் பருவத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்று, மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் எழுதினார். பாஸ்போர்ட் எடுக்கவே மூன்று தடவை அலைந்த எனக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் பொறாமைதான். வண்ணத்துப்பூச்சிகளும் பயணத்தில் இருக்கின்றன. கருப்பில் வெளிர்நீலக் கோடு போட்ட நீலவரியன் கூட்டம் கூட்டமாக மேற்கே போவதைப் பார்த்திருப்பீர்கள். வடகிழக்கு மழைக்கு முன்னால் கிழக்கு மலைத்தொடரிலிருந்து மேற்கு மலைத்தொடருக்குப் போகிற கூட்டம் அது. சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் திரும்பி வரும்.

எல்லாவற்றையும் விட நான் காத்திருந்தது ஆறுமணிக்குருவிக்கு. வந்துவிட்டது. புதன்கிழமை காலை, இன்னும் சரியாக விடியவில்லை, கருப்பன் மேடைக்குப் பின்னாலிருந்து இரட்டைச் சீட்டி கேட்டது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூப்பிடுவதால்தான் அந்தப் பெயர். பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே நவரங் என்கிறார்கள். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு மார்பு, சிவந்த அடிவயிறு, கண்ணுக்குக் கருப்புப் பட்டை, தோளில் நீலம். மைனாவைவிடச் சின்னது, வால் வெட்டிவிட்ட மாதிரி குட்டை. ஜூன், ஜூலையில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. சில இங்கே தங்கும், சில இலங்கை வரை போகும். இரவில் பறந்து வருவதால் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் விழுந்துவிடுவதும் உண்டு. அப்படிக் கண்டால் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டாக வைத்து, களைப்பு தீர்ந்ததும் மறைவான புதர்ப் பக்கம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு தூரம் வந்த பறவை இங்கே என்ன தின்கிறது என்பதுதான் நான் கேட்க விரும்புகிற கேள்வி. அது மரத்தில் இரை தேடுகிற பறவை அல்ல. தரையில் தத்தித் தத்திப் போய், சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் இருக்கும் புழு பூச்சியைத் தின்கிறது. சருகு இல்லாத இடத்தில் அதற்குச் சோறு இல்லை.

இப்போது சருகின் கதையைப் பாருங்கள். இந்தச் சருகு போன மாசியில் விழுந்தது. விழுந்த உடனே மக்கவில்லை, ஏனென்றால் ஈரம் இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. கரையான் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போனது. புரட்டாசி மழை பட்டதும்தான் அதற்கு உயிர் வருகிறது. பூஞ்சை படர்கிறது, பூச்சி பெருகுகிறது, மரவட்டை அரைக்கிறது, ஐப்பசி கார்த்திகைக்குள் பாதி மண்ணாகிவிடுகிறது. நம் தோட்டத்தில் எரு போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறோமே, அதைக் காடு தானே செய்துகொள்கிறது, இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள். புற்றுக்காளான் முளைப்பதும் இப்போதுதான். கரையான் சருகையும் சுள்ளியையும் தின்று புற்றுக்குள் வளர்க்கிற பூஞ்சைதான் மழைக்குப் பிறகு குடை விரிக்கிறது. காளான் குழம்பு சாப்பிட்டவர்கள் அதையும் யோசித்துப் பார்க்கலாம். சருகு மூடியிருக்கிற இடத்தில் பெருமழை மண்ணைக் கரைப்பதில்லை. தண்ணீர் நின்று நிதானித்து இறங்குகிறது. கூட்டிப் பெருக்கிய தரையில் அதே மழை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கண்மாயில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கண்மாய் மேடாகிவிட்டது, தூர்வார வேண்டும் என்று மனுக் கொடுக்கிறவர்களும் நாம்தான்.

எட்டு மாதம் காத்திருந்த சருகு, வேலையைத் தொடங்குகிற மாதத்தில் அதைக் கூட்டிக் கொளுத்துவது என்பது, உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்பை அணைப்பது போல.

பாம்பு பயம் என்கிறார்கள். பயம் நியாயம்தான், நம் வயதில் விழுந்தாலே எழுந்திருப்பது கஷ்டம், கடி வாங்கினால் கேட்க வேண்டாம். அதற்கு நடைபாதையில் ஆறடி அகலத்துக்குச் சருகை ஒதுக்கினால் போதும். ஒதுக்கியதை இரண்டு பக்கமும் மரத்தடியில் தள்ளிவிடலாம். இருட்டில் டார்ச், கையில் ஒரு தடி, காலில் மூடிய செருப்பு. சந்நிதிக்குள் மட்டும் வெறுங்கால், அது கூட்டிச் சுத்தமாகத்தான் இருக்கிறது. கொசு என்பார்கள். டெங்கு கொசு சருகில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில் இடுகிறது. திருவிழாவுக்கு வந்தவர்கள் எறிந்த பிளாஸ்டிக் கப்பும் தேங்காய்ச் சிரட்டையும் காட்டுக்குள் எத்தனை கிடக்கின்றன என்று போன வாரம் எண்ணிப் பார்க்க முயன்று, நூற்றைம்பதோடு விட்டுவிட்டேன். சேர்த்த நன்கொடையில் ஆள் வைத்து அவற்றைப் பொறுக்கச் சொல்லுங்கள், நானும் சாக்குப்பையோடு வருகிறேன். கொளுத்துவதைப் பொறுத்தவரை, குப்பையைப் பொது இடத்தில் எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு விதியிலேயே இருக்கிறது. இருமலும் இழுப்பும் உள்ளவர்கள் நம் குழுவிலேயே நாலு பேர் இருக்கிறோம், விதியைக் கூடப் பார்க்க வேண்டாம்.

தீ என்றதும் ஒன்று. சருகு ஆபத்தாகிற காலம் ஒன்று உண்டு, அது மாசி பங்குனி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போன இளைஞர்கள் இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் போய்ச் சேர்ந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இலையுதிர் காலம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது பரீட்சைக்காக மட்டும் அல்ல. அந்த மாதங்களில் காட்டு ஓரத்தில் பீடி, கற்பூரம், பொங்கல் அடுப்பு எல்லாவற்றிலும் கண் வேண்டும். காட்டைச் சுற்றி ஒரு தீத்தடுப்பு வரப்பு எடுக்க வேண்டுமென்றால் தையில் எடுக்கலாம், அதற்கு நானே முதல் ஆளாகப் பணம் தருகிறேன்.

புதரை வெட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதர் என்று நாம் கை நீட்டுகிற இடத்தில் செங்காந்தள் கொடி இலைநுனியைச் சுருட்டிப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறது. கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு, எல்லாம் அதுதான். மாநிலப் பூ. கார்த்திகையில் பூக்கும்போது முதலில் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாள் ஆக ஆகச் செக்கச்செவேல் என்று மாறும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காக இதைப் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் மருந்து, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலிக்கு டாக்டர்கள் எழுதித் தருவது. கிழங்கு கடும் விஷம், யாரும் கை வைத்தியம் பார்க்க வேண்டாம். நம் காட்டில் சும்மா முளைப்பதை வெட்டிப் போட்டுவிட்டு, காசு கொடுத்துக் குரோட்டன்ஸ் வைப்பது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. இந்தக் காட்டில் சுள்ளி ஒடித்தால் கூடச் சாமி கேட்கும் என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. சாமி பயம் போய்விட்டது, போகட்டும். அந்தப் பயம் காத்து வைத்ததையாவது விட்டுவைக்கலாமே.

மரம் நடுவதிலும் இதே காலண்டர் கோளாறுதான். வருடா வருடம் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் என்று கன்று நட்டுப் போட்டோ எடுக்கிறோம். மதுரையில் ஜூன் என்ன மாதம்? வெயிலும் வறண்ட மேல்காற்றும். மூன்று மாதம் குடத்தில் தண்ணீர் சுமந்தால்தான் கன்று பிழைக்கும், சுமப்பதற்கு ஆள் இருக்காது. அதே கன்றைப் புரட்டாசிக் கடைசியில் நட்டால் இரண்டரை மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். விவசாயம் செய்தவர்கள் வீட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் ஜூனில் நட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வருடம் நடுவதாக இருந்தால் கண்மாய்க்கரையில் இப்போது நடுவோம், இலுப்பையும் நாவலும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேடைக்குப் பக்கத்தில் பேசுவதாக இருக்கிறது. யோசனைக்காரர்களும் வருகிறார்கள். நீங்கள் ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், தெற்குப் பக்கம் வெப்பாலை நிற்கிற இடத்தில் பேசாமல் பத்து நிமிடம் நின்றால் குருவி சருகு புரட்டுவதைப் பார்க்கலாம். பேத்தியையும் கூட்டி வருகிறேன், வரைபட நோட்டோடு. செல்போனை மட்டும் அணைத்து வையுங்கள்.